புளி அறையில் ஓடிய பிட்காயின் எந்திரம்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் குடும்பத்துக்கு மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கிறது. அப்பா தொடங்கியது, பாலிடெக்னிக் முடித்துவிட்டு நானும் அதிலேயே உட்கார்ந்துவிட்டேன். எரிந்துபோன கம்ப்ரசர் மோட்டார், மாங்கூழ்த் தொழிற்சாலையிலிருந்து சீசன் நடுவில் அவசரமாகக் கொண்டுவரும் மோட்டார் என்று எதுவாக இருந்தாலும், பழைய காயிலை வெட்டி எடுத்துப் புதிது சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, பேரிங் மாற்றிக் கொடுத்துவிட்டால் அது மறுபடியும் பழைய வேலையைப் பழைய அளவுக்கே செய்யும். 1980களில் வாங்கிய ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஒன்று மூன்று முறை எங்கள் மேசைக்கு வந்து போயிருக்கிறது. இன்றும் அதே கிணற்றில், தண்ணீர் இருக்கும் வரை, அதே வேகத்தில் இறைக்கிறது. எந்திரம் என்றால் இப்படித்தான் என்று நம்பி வளர்ந்த நான், 2021 நவம்பரில் பிட்காயின் என்னும் டிஜிட்டல் நாணயத்தை எடுக்கும் எந்திரம் ஒன்றை வாங்கினேன். மோட்டாரைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பாதி அதற்குப் பொருந்தின. பொருந்தாத பாதியில்தான் பணம் போயிற்று.

யோசனை என் மனைவியின் தம்பியுடையது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அந்த மாதம் 10ஆம் தேதி வாக்கில் ஒரு பிட்காயினின் விலை 69,000 டாலரைத் தொட்டிருந்தது. கைப்பேசியைத் திறந்தால் அந்தப் பேச்சாகவே இருந்தது. "நாணயம் வாங்கினால் விலை ஏறினாலும் இறங்கினாலும் நம் கையில் இல்லை மாமா, மெஷின் வாங்கிப் போட்டால் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், நீங்க மோட்டார்க்காரர், பார்த்துக்க மாட்டீங்களா" என்றார். அவர் மனத்தில் இருந்தது பிட்மெயின் நிறுவனத்தின் ஆண்ட்மைனர் எஸ்19 வகை. 95 டெராஹேஷ் வேகம் கொண்டது; ஒரு டெராஹேஷ் என்றால் விநாடிக்கு ஒரு லட்சம் கோடி முறை கணக்குப் போடும் வேகம். எங்களுக்குச் சொல்லப்பட்ட விலை ஏழு லட்சம் ரூபாய். ஆளுக்குப் பாதி போடலாம் என்றார். ஏழு லட்சத்துக்கு எனக்குத் துணிவு வரவில்லை. முதலில் பழைய எந்திரம் ஒன்றில் கை பழகிக்கொள்ளலாம் என்று சொல்லி, பெங்களூரில் ஒரு விற்பனையாளரிடம் பழைய ஆண்ட்மைனர் எஸ்9 ஒன்றை, பவர் சப்ளையும் சேர்த்து, 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். அந்த ஆண்டின் மத்தியில் சீன அரசு தன் நாட்டில் மைனிங் தொழிலை, அதாவது இப்படி எந்திரம் வைத்துப் பிட்காயின் எடுக்கும் தொழிலை, முடக்கியிருந்தது. அங்கிருந்த மைனிங் பண்ணைகளில் ஓடிய எந்திரங்கள் நாலாபக்கமும் விற்பனைக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது.

இந்த எந்திரம் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் வாங்க நினைக்கும் பலரும் அதைக் கேட்பதில்லை. பிட்காயின் பரிமாற்றங்கள் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு தொகுப்பாகக் கட்டப்படுகின்றன. அத்தொகுப்பின் தலைப்பில் உள்ள 80 பைட் தகவலை எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணக்கில் இரண்டு முறை போட்டால் ஒரு எண் கிடைக்கும். அந்த எண் ஒரு குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் தலைப்பில் ஒரு சிறு எண்ணை மாற்றி மறுபடியும் போட வேண்டும். குறுக்குவழி கிடையாது, போட்டுப் போட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. உலகில் யாருக்கு முதலில் கிடைக்கிறதோ அவருக்குப் புதிய பிட்காயின்கள் பரிசு. 2009இல் இதைச் சாதாரணக் கணினியிலேயே செய்தார்கள். பிறகு கிராபிக்ஸ் கார்டுக்கு மாறினார்கள். 2013 முதல் இந்த ஒரு கணக்கைத் தவிர வேறு எதையும் செய்யத் தெரியாத சிப்புகள் சந்தைக்கு வந்தன. என் எஸ்9 பெட்டியில் மூன்று பலகைகள், பலகைக்கு 63 சிப்பு, மொத்தம் 189 சிப்பு. விநாடிக்கு 13.5 டெராஹேஷ், அதாவது பதின்மூன்றரை லட்சம் கோடி முறை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும். வேறு எதற்கும் உதவாது. கடையில் ஜி.எஸ்.டி. பில் அடிக்கக்கூட அதைப் பயன்படுத்த முடியாது.

வேகத்தைக் கேட்டு வாய் பிளக்க வேண்டாம். அப்போது உலகம் முழுவதும் ஓடிய எந்திரங்களின் மொத்த வேகம் ஏறத்தாழ 160 எக்ஸாஹேஷ்; ஒரு எக்ஸாஹேஷ் என்பது பத்து லட்சம் டெராஹேஷ். என்னுடையது அதில் ஒரு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. தனியாக ஓடினால் ஆயுளுக்கும் பரிசு விழாது. அதனால் எல்லோரும் ஒரு 'பூல்' என்னும் கூட்டில் சேர்ந்துகொள்கிறார்கள். எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் இரண்டு லிட்டர் ஊற்றுபவருக்கும் இருபது லிட்டர் ஊற்றுபவருக்கும் அளவுக்குத் தக்கபடி கணக்குப் பார்த்துக் கொடுப்பதைப் போல, பூலும் அவரவர் வேகத்துக்கு ஏற்ப நாள்தோறும் பங்கு தருகிறது. ஓரிரு விழுக்காடு கமிஷன் பிடித்துக்கொள்கிறது.

பெட்டி வந்த அன்று அதன் முன்விசிறியைக் கழற்றிப் பார்த்தேன். அலுமினியத் தகடுகளின் இடுக்கில் சாம்பல் நிறத் தூசு பஞ்சுபோல் அடைந்து கிடந்தது. புதியதுபோல் துடைத்திருந்தது வெளிப்பெட்டியை மட்டுமே. கம்ப்ரசர் காற்றில் ஊதி எடுத்து, கடையின் வணிக இணைப்பிலிருந்து தனியாக ஒரு ஒயர் இழுத்து, எம்.சி.பி. என்னும் பாதுகாப்பு சுவிட்ச் வைத்து, எர்த் சரிபார்த்து, வீட்டுக்குப் பின்னால் அம்மா புளி அடைத்து வைத்திருக்கும் அறையில் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். இரண்டு விசிறிகளும் முழு வேகத்தில் எழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். மின்னோட்டம் அளக்கும் டங் டெஸ்டரில் ஆறு ஆம்பியருக்குச் சற்று மேலே காட்டியது, சரியான அளவுதான். கணினியில் எந்திரத்தின் பக்கத்தைத் திறந்தபோது, ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு சிறிய 'ஓ' எழுத்து வீதம் மூன்று வரிசைகள் நின்றன. நல்ல சிப்புக்கு 'ஓ', கெட்டதற்கு 'எக்ஸ்'. மூன்றாவது வரிசையில் நான்கு எக்ஸ். விற்றவரைத் தொலைபேசியில் கேட்டேன். "ஓடுது இல்லையா சார்" என்றார். ஓடியது உண்மைதான். மூன்றாவது நாள் அந்தப் பலகையே பட்டியலிலிருந்து காணாமல் போயிற்று. பலகையைக் கழற்றி, இணைப்புக் கம்பிகளைச் சுத்தம் செய்து, மீண்டும் பொருத்தியதில் திரும்பி வந்தது. அதன் பிறகு அந்த விற்பனையாளர் என் அழைப்பை எடுக்கவில்லை.

பழைய எந்திரம் வாங்குபவருக்கு ஒன்று சொல்வேன்: புகைப்படத்தையோ காணொளியையோ நம்பாமல், குறைந்தது இரண்டு மணி நேரம் கண்முன்னே ஓடவிட்டு, மூன்று பலகையும் முழு எண்ணிக்கையில் தெரிகின்றனவா, வெப்பம் எங்கே நிற்கிறது, சராசரி வேகம் சொன்ன அளவுக்கு வருகிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எண்ண வேண்டும். நிறுவனம் போட்டுத் தந்த மென்பொருளை மாற்றி, ஓடும் நேரத்தில் ஒரு பகுதியை வேறொருவர் கணக்குக்குத் திருப்பிவிடும் பதிப்புகளும் பழைய எந்திரங்களில் இருப்பதுண்டு. வாங்கியதும் அசல் மென்பொருளைப் புதிதாக ஏற்றிவிடுவது நல்லது. நேரில் பார்க்க முடியாத டெலிகிராம் விற்பனையாளர்களைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பர்கூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி முன்பணம் அனுப்பினார். அனுப்பிய மறுநாள் அந்தக் குழுவே இல்லை.

அப்பா முதல் நாள் மாலை வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் கை வைத்து அனல் காற்றைத் தொட்டார். "ஏம்ப்பா, இது எதை அரைக்குது?" என்று கேட்டார். எண்களை என்றேன். சற்று நேரம் நின்றுவிட்டு, "ராத்திரியும் ஓடணுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ராத்திரியும் ஓட வேண்டும். ஓடாத நேரம் நஷ்டம். அங்கேதான் நம் ஊரின் மின்சாரம் கணக்குக்குள் வருகிறது. 1,350 வாட் என்பது ஒரு நாளைக்கு 32 யூனிட்டுக்கும் மேல். வணிக இணைப்பில் அப்போது யூனிட் ஏறக்குறைய எட்டு ரூபாய். நாளுக்கு 261 ரூபாய். வரவு எவ்வளவு என்பதை யாரும் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். அன்றைய பரிசு தொகுப்புக்கு 6.25 பிட்காயின், நாளுக்கு 144 தொகுப்பு, ஆக மொத்தம் 900 பிட்காயின். அதில் 160 எக்ஸாஹேஷில் 13.5 டெராஹேஷுக்கு உரிய பங்கு 0.000076. பிட்காயின் 45 லட்சம் ரூபாய் விற்ற நிலையில் அது 342 ரூபாய். கமிஷன் போக நாளுக்கு எழுபத்தைந்து ரூபாய் மிஞ்சும். ஐந்நூறு நாளில் போட்ட முதல் திரும்பிவிடும். இந்தக் கணக்கை நான் கடையின் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டேன். அதில் ஒரு கூட்டல் பிழைகூட இல்லை. இன்றைய எண்கள் ஐந்நூறு நாளும் அப்படியே நிற்கும் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை.

மோட்டார்க்காரன் அப்படித்தான் எடுத்துக்கொள்வான். இறைக்கும் தண்ணீர் இன்றைக்கு ஒரு அளவு என்றால் நாளைக்கும் அதே அளவு. ஆனால் பிட்காயினில் 2,016 தொகுப்புகளுக்கு ஒரு முறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அந்த வரம்பு மாற்றி அமைக்கப்படுகிறது. உலகில் எங்கோ ஒருவர் ஆயிரம் புதிய எந்திரங்களை இணைத்தால் கணக்கு அதற்கேற்பக் கடினமாகும். காவேரிப்பட்டணத்துப் புளி அறையில் இருக்கும் பெட்டிக்கு வரும் பங்கு குறையும். என் பெட்டியில் எதுவும் தேயவில்லை, எரியவில்லை, அதே 13.5 டெராஹேஷ்தான். இந்த எஸ்9 வகை சந்தைக்கு வந்த 2016இல் உலகத்தின் மொத்த வேகம் சுமார் 1.5 எக்ஸாஹேஷ். அந்த ஜூலையில் பரிசு 12.5 பிட்காயினாகப் பாதி ஆன பிறகும்கூட, இதே பெட்டி நாளுக்கு 0.016 பிட்காயின் எடுத்திருக்கும். ஐந்தே ஆண்டில், அதே வேகத்தில் ஓடி, அது எடுத்தது இருநூறில் ஒரு பங்குக்கும் கீழே. காயில் எரிந்தால் நான் சுற்றிக் கொடுப்பேன். இதற்கு என்ன சுற்றுவது?

2022 ஜனவரியிலேயே வரவு இருநூறு ரூபாய்க்குக் கீழே போய்விட்டது. மின்செலவு அதே 261. அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். விலை திரும்பும், திரும்பும் என்று ஓடவிட்டேன். மாசி முடிந்து வெயில் ஏற ஏற வேறொரு தொல்லை தொடங்கியது. இந்த வகை எந்திரத்துக்கு உள்ளே போகும் காற்று 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஏப்ரல் வெயிலில் வெளிக்காற்றே அதை நெருங்கும்போது, தான் விட்ட அனலைத் தானே மீண்டும் இழுக்கும் மூடிய அறையில் என்ன ஆகும்? மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் தானாக நின்றுவிடும். சுவரில் ஓட்டை போட்டு, பழைய எக்ஸாஸ்ட் விசிறி ஒன்றைப் பொருத்தி அனலை வெளியே தள்ளினேன். அம்மா அந்த ஓட்டைக்கு நேரே கயிற்றுக் கட்டிலைப் போட்டு வடகம் காயவைத்தார். ஒரே இரவில் கலகலவென்று காய்ந்தது. அந்த எந்திரத்தால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த ஆதாயங்களில் யாரும் மறுக்க முடியாதது அது ஒன்றுதான். இதற்கு நடுவே மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் முழுவதும் மின்சாரம் இருக்காது; மாலையில் வோல்டேஜ் இறங்கினால் பவர் சப்ளை முரண்டு பிடிக்கும். ஜெனரேட்டர் போட்டு ஓட்டினால் டீசல் செலவுக்கே சொத்தை எழுதிவைக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில் பலர் எனக்குத் தந்த ஓர் அறிவுரையைக் குறிப்பிட வேண்டும். தோட்டத்து சர்வீஸில் போட்டுவிடுங்கள், அது இலவச மின்சாரம்தானே, மீட்டர் பார்ப்பார் யார் என்றார்கள். 1990 முதல் தமிழ்நாட்டு உழவர்கள் எல்லோருக்கும் பம்புசெட்டுக்கு இலவசமாகத் தரப்படும் மின்சாரம் அது. அதை வேறு பயனுக்கு எடுப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி திருட்டு. பிடிபட்டால் அபராதத்தோடு இணைப்பும் போகும். எங்கள் கடைக்கு வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த மின்சாரத்தை நம்பி மாவும் தென்னையும் வளர்ப்பவர்கள். அவர்களுடைய டிரான்ஸ்பார்மரில் நான் எண் அரைக்கும் பெட்டியை மாட்டிவிட்டு, அவர்கள் மோட்டார் எரிந்தால் காயில் கட்டக் கூலி வாங்குவதா?

ஜூன் மாத நடுவில் பிட்காயின் 20,000 டாலர் அளவுக்கு விழுந்தது. நாள் வரவு தொண்ணூறு ரூபாய். அன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் போய் எம்.சி.பி.யை இறக்கினேன். அந்த அமைதியில்தான், ஏழு மாதமாக வீட்டில் எல்லோரும் ஒரு சுருதி கூட்டிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது தெரிந்தது.

கணக்கை முடித்துப் பார்த்தேன். வெயிலிலும் மின்தடையிலும் நின்ற நாட்கள் போக, சேர்ந்தது 0.012 பிட்காயின். செலவு, எந்திரத்துக்கு 38,000, மின்சாரத்துக்கு ஏறக்குறைய 52,000, ஆக 90,000 ரூபாய். அதே 90,000 ரூபாய்க்கு, நான் எந்திரம் வாங்கியபோது இருந்த 45 லட்சம் விலையிலேயே, நேராகப் பிட்காயினாக வாங்கியிருந்தால் 0.02 கிடைத்திருக்கும். மிக மோசமான நாளில் வாங்கிய முட்டாளைவிட, எந்திரம் வாங்கிய புத்திசாலியாகிய என்னிடம் குறைவாகவே இருந்தது. எந்திரத்தில் முதலீடு செய்ய நினைப்பவர் போட வேண்டிய முதல் கணக்கு இதுதான் என்று இன்று நினைக்கிறேன். லாபம் வருமா என்று கேட்பதற்கு முன்னால், இதே பணத்துக்கு நாணயமாகவே வாங்கினால் வருவதைவிட இது அதிகமாக எடுக்குமா என்று கேட்க வேண்டும். விலை ஏறினால் லாபம்தானே என்பதற்கு, விலை ஏறினால் நாணயம் வைத்திருப்பவருக்கும் லாபம்தான் என்பதே பதில்.

மைத்துனர் சொன்ன எஸ்19ஐ அன்று வாங்கியிருந்தால்? நாளுக்கு 78 யூனிட் இழுக்கும். இரண்டு மாத பில்லுக்கு 4,680 யூனிட். மின்சாரத்தைவிடப் பெரிய இழப்பு எந்திரத்தின் விலையிலேயே இருந்திருக்கும். பிட்காயின் விலை ஏறும்போது எந்திரத்தின் விலையும் கூடவே ஏறுகிறது. எல்லோரும் வாங்கத் துடிக்கும் மாதத்தில்தான் அது உச்சத்தில் இருக்கும். ஏழு லட்சம் சொன்ன அதே வகை, அடுத்த ஆண்டு இறுதியில் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே கிடைத்தது. புதிய எந்திரத்துக்கு முன்பதிவு செய்து மாதக்கணக்கில் காத்திருப்பது இன்னும் ஆபத்து. பணம் போன நாளில் போட்ட கணக்கு, பெட்டி வரும் நாளில் செல்லாது. அமெரிக்காவில் பட்டர்ஃபிளை லேப்ஸ் என்னும் நிறுவனம் முன்பணம் வாங்கிக்கொண்டு எந்திரங்களை உரிய காலத்தில் தரவில்லை என்று 2014இல் அந்நாட்டு வணிக ஆணையம் நீதிமன்றத்துக்குப் போனது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஈமு கோழி நினைவுக்கு வரலாம். 2012 வாக்கில் கொங்கு நாட்டிலிருந்து இங்கு வரை கொட்டகை போட்டு ஈமு வளர்த்தவர்கள், கோழி நன்றாகத்தான் வளர்ந்தது, வாங்க ஆள்தான் இல்லை என்பார்கள். என் பெட்டியும் நன்றாகத்தான் ஓடியது.

வரியைச் சொல்லாமல் விட முடியாது. 2022 ஏப்ரல் 1 முதல் பிட்காயின் போன்ற மெய்நிகர் சொத்து விற்ற ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி. வாங்கிய விலையைத் தவிர எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடு செய்யவும் முடியாது. மைனிங்குக்குப் போட்ட கட்டமைப்புச் செலவு வாங்கிய விலையாகக் கருதப்படாது என்று அந்த மார்ச்சிலேயே அரசு நாடாளுமன்றத்தில் கூறிவிட்டது. அந்த ஜூலை முதல் விற்பனைத் தொகையில் ஒரு விழுக்காடு டி.டி.எஸ். வேறு. இதன் பொருள் எவ்வளவு கடுமையானது என்பதை ஒரு புதிய எந்திரத்தை வைத்துப் பார்க்கலாம். ஆண்ட்மைனர் எஸ்21, 200 டெராஹேஷ், 3,500 வாட். பழைய எஸ்9 ஒரு டெராஹேஷுக்கு நூறு வாட் குடித்தது. இதற்குப் பதினேழரை போதும். இந்த ஒரு எண்ணைத்தான் வேகத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டும். 2024 ஏப்ரலில் பரிசு 3.125 ஆகக் குறைந்துவிட்டது. 2025இன் நடுவில் உலக வேகம் 900 எக்ஸாஹேஷ் அளவில் நின்றது. பிட்காயின் ஏறக்குறைய 90 லட்சம் ரூபாய். அந்த நிலையில் இந்த எந்திரம் நாளுக்கு 900 ரூபாய் எடுக்கும். மின்சாரம் 84 யூனிட், பத்து ரூபாய் வீதம் 840. மிச்சம் அறுபது ரூபாய் என்று நினைத்தால், விற்கும்போது வரி அந்த அறுபதுக்கு அல்ல, 900க்கும். 270 ரூபாய் போய்விடும். எந்திரத்தின் விலையை இன்னும் நான் சேர்க்கவே இல்லை. பூட்டானில் அரசு நிறுவனமே தன் சொந்த நீர்மின்சாரத்தில் இதை ஓட்டுகிறது, அவர்களுக்குக் கட்டுப்படியாகும். யூனிட் மூன்று நான்கு ரூபாய்க்குக் கிடைக்கும் இடத்தில் பிழைக்கும் தொழில், பத்து ரூபாய்க்கு வாங்கும் இடத்தில் பிழைக்காது.

மைத்துனர் போன தீபாவளிக்கு வந்தபோது, வீட்டு மாடியில் சூரிய மின்தகடு போட்டால் யூனிட் செலவே இல்லையே மாமா என்று தொடங்கினார். ராத்திரிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அப்பா திண்ணையிலிருந்து சிரித்தார்.

எஸ்9இன் பவர் சப்ளை இப்போது கடை மேசையில் இருக்கிறது. 12 வோல்ட்டில் நூறு ஆம்பியருக்கு மேல் அலுங்காமல் கொடுக்கும். டிராக்டர் வைப்பர் மோட்டாரும் கார் ரேடியேட்டர் விசிறியும் சோதிக்க அதைப்போல் ஒன்று இந்த வட்டாரத்தில் வேறு யாரிடமும் இல்லை. விசிறி இரண்டும் வார்னிஷ் போட்ட காயிலுக்குக் காற்று வீசுகின்றன. மூன்று பலகைகளையும் போன மாதம் பழைய இரும்புக்காரரிடம் காட்டினேன். தகடுகளை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, அலுமினியத்துக்கு மட்டும் விலை சொன்னார். பச்சைப் பலகையை நீங்களே கழற்றித் தர வேண்டும் என்றார்.